சத்தம் போகாத கதவு

தச்சர் வாயைத் திறந்தால் கதவுக் கதைதான் வரும் என்று அந்தக் கோயிலைச் சேர்ந்த எல்லோருக்கும் தெரியும். கல்யாண விருந்தில் கை கழுவ வரிசையில் நிற்கும்போதோ, கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி நடக்கும்போதோ, புதிதாக ஒரு ஆள் பக்கத்தில் கிடைத்துவிட்டால் போதும். "பாட்டு அறைக்கு ஒரு கதவு போட்டேன் பாருங்க" என்று தொடங்கிவிடுவார். பழைய ஆட்கள் மெல்ல நழுவிவிடுவார்கள். புது ஆள் மாட்டிக்கொள்வார்.

கதை இதுதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், கோயிலின் பின்புறம் மெழுகுவர்த்திப் பெட்டிகள் அடைந்து கிடந்த ஓர் அறையைப் பாடகர் குழுவுக்கு ஒதுக்கினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெபம் செய்ய உட்காருகிறவர்கள், டிரம்ஸ் சத்தம் மண்டையில் இடிக்கிறது என்று அப்போதிருந்த பழைய சாமியாரிடம் புகார் சொன்னார்கள். குழுவை நடத்துகிற பாட்டு வாத்தியார் தச்சரிடம் வந்து, "அண்ணே, உள்ள இடி விழுந்தாலும் வெளிய தெரியக்கூடாது. அப்படி ஒரு கதவு வேணும்" என்றார். இந்த மாதிரி வேலை என்றால் தச்சருக்குச் சோறு தண்ணி வேண்டாம். இரண்டு தடித்த பலகைகளுக்கு நடுவே கம்பளியைத் திணித்தார். விளிம்பு நெடுக ரப்பர் பட்டை ஒட்டினார். சுவரின் உச்சியில் இருந்த காற்றுத் துளையையும் அடைத்தார். கதவை மாட்டியதும் சோதித்துப் பார்க்க வேண்டுமே. மதியச் சாப்பாடு கொண்டு வந்திருந்த தன் ஒன்பது வயது மகளையே உள்ளே விட்டுச் சாத்தினார். "உன்னால முடிஞ்ச மட்டும் கத்தும்மா. எங்களுக்குக் கேக்குதான்னு பார்க்கிறோம்."

வெளியே தச்சரும் வாத்தியாரும் ஆளுக்கொரு டீயோடு நின்றார்கள். ஒரு முனகல்கூட வரவில்லை. அந்தச் சந்தோஷத்தில் பேச்சு எங்கெங்கோ போய், பிள்ளை உள்ளே இருப்பதே மறந்துவிட்டது. ஞாபகம் வந்து திறந்தால், முகமெல்லாம் சிவந்து நிற்கிறாள். தொண்டை கட்டிப்போய்க் குரலே வரவில்லை.

"மூணு நாளைக்கு வீட்டில சத்தமே இல்ல. என்ன நிம்மதிங்கறீங்க! இன்னொரு கதவு செஞ்சு வீட்டிலயும் மாட்டிடலாமான்னு பார்த்தேன்." இந்த இடத்தில் எல்லோரும் சிரிக்க வேண்டும். சிரிப்பு அடங்கியதும் வாலாக இன்னொன்று வரும்: "உள்ள என்னதான் கத்தினேன்னு கேட்டா, கழுதை, இன்னிக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்கறா."

மகள் பக்கத்தில் இருக்கும்போதும் இதைச் சொல்லியிருக்கிறார். அவள் எழுந்து வேறு பக்கம் போய்விடுவாள். அப்பா தன்னைக் கேலி செய்கிறாரே என்று கோபம் போல என்று தச்சர் நினைத்துக்கொண்டார். மனிதன் தனக்கு வசதியாக எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம், யார் தடுக்கப் போகிறார்கள்?

இந்த வருஷம் மழை விடாமல் பெய்து, மரமெல்லாம் ஈரம் குடித்து ஊதிக் கிடந்த சமயத்தில் ஆயர் இல்லத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குப் பேரவைச் செயலாளர் அதை வாசித்தார். ஒலிபெருக்கியைக் கையில் பிடித்தால் லேசில் விடமாட்டார் என்பதால் அவருக்கு மைக் என்றே பேர். கோயில் வேலை எதுவாக இருந்தாலும், தரை துடைப்பவர் முதல் பூ ஜோடிப்பவர் வரை, எல்லோரும் ஒரு நாள் சிறுவர் பாதுகாப்புப் பயிற்சியில் உட்கார வேண்டும். சான்றிதழ் இல்லாதவர் கோயிலில் ஒரு துரும்பைத் தொடக்கூடாது. பிள்ளைகள் புழங்குகிற எல்லா அறைக் கதவிலும் கண்ணாடி வைக்க வேண்டும். இதற்கெல்லாம் பங்கில் ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

"முப்பது வருஷமா நம்ம பிள்ளைங்களோடயே இருக்கிறவர் யாரு? அவரை விட்டா வேற யாரு?" என்று மைக் கையை நீட்ட, பாட்டு வாத்தியார் முன்வரிசையில் கூச்சத்தோடு எழுந்து கும்பிட்டார். கைதட்டினார்கள். தச்சரும் தட்டினார். பக்கத்தில் மனைவியும் தட்டினாள். கண்ணாடி வைக்கிற வேலை தச்சருக்கு என்று அடுத்த அறிவிப்பு வந்தது.

அன்று மகள் கோயிலுக்கு வரவில்லை. அவள் கோயிலுக்கு வந்து வருஷக்கணக்காகிறது. கண்ணாடிக்கடையில் மூக்குக்கண்ணாடிக்குச் சில்லு தேய்க்கிற வேலை அவளுக்கு. புருஷன் கப்பல் வேலைக்குப் போன பிறகு, எட்டு வயது மகளோடு அப்பா வீட்டுக்கு வந்து மூன்று மாதமாயிற்று.

மறுநாள் காலையில் வீட்டில் சண்டை. மகள் பிள்ளையின் டப்பாவில் ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்துக்கொண்டிருந்தாள். பேத்தி குளியலறையில் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் ஓட்டுக்கு மேலே மழையையும் தாண்டிக் கேட்டது.

"கேட்டியா? அப்படியே உன் குரல்" என்றாள் மனைவி. "வாத்தியார் நேத்து கேட்டாரு. சனிக்கிழமை அனுப்புங்க, முன்வரிசையில நிறுத்தறேன்னாரு. எத்தனை பேரு கெஞ்சறாங்க தெரியுமா, அவரே கேக்கறாரு."

மகளின் கை நின்றது. "அவ அந்த ரூமுக்குள்ள காலை வைக்கக்கூடாது."

"மறுபடி ஆரம்பிச்சிட்டியா? எப்பவோ முடிஞ்சு போனதை..."

"என்னம்மா முடிஞ்சுது? எனக்கு எப்ப முடிஞ்சுது? பத்து வயசில உங்கிட்ட வந்து சொன்னேன். என் வாயிலயே அடிச்சே. நாலு பேர் முன்னாடி அவர்கிட்ட மன்னிப்புக் கேட்க வெச்சீங்க. 'தப்பா சொல்லிட்டேன் சார்'னு சொல்ல வெச்சீங்க. அதுதான் முடிஞ்சது."

"பொம்பளைப் பிள்ளை பேரு கெட்டுப்போகும்னு பயந்தேன்டி."

"என் பேரைக் காப்பாத்திட்டே. ரொம்ப சந்தோஷம்."

தச்சர் இழைப்புளியின் தகட்டைத் தீட்டுகிற சாக்கில் குனிந்தே இருந்தார். மகள் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பொறுப்பாளர் யார் என்று காற்றுவாக்கில் காதில் விழுந்ததுமே, அந்த ஆளை வைக்காதீர்கள், காரணம் இது என்று போன வாரமே பேரவைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதற்குப் பதில் வந்திருந்தது. மைக்கின் கையெழுத்து. தச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

'அக்கம்பக்கத்தில் அவ்வளவு பேர் புழங்கும் இடத்தில் சிறு சத்தம்கூட யாருக்கும் கேட்கவில்லை என்று அப்போதே விசாரித்து முடிக்கப்பட்ட விஷயம். தங்கள் தந்தையாரும் அதையே சொன்னார் என்பதை நினைவூட்டுகிறோம்.'

"சொன்னீங்களாப்பா?"

"கேட்டாங்கம்மா. பூக்காரம்மாகிட்ட, மணி அடிக்கிறவர்கிட்ட, எல்லார்கிட்டயும் கேட்டாங்க. என்கிட்டயும் கேட்டாங்க. நான் அன்னிக்கு வெளிய நிலைக்குப் பாலீஷ் போட்டுக்கிட்டிருந்தேன். சத்தம் எதுவும் கேக்கலைன்னேன். கேக்கலைதான்."

"எப்படிப்பா கேக்கும்?"

தச்சர் தகட்டை மறுபடி கல்லில் வைத்துத் தேய்த்தார்.

"அந்தக் கதவைப் பத்தி ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் கதை சொல்றீங்க. அன்னிக்கு ஃபாதர் முன்னாடி மட்டும் ஏன் அந்தக் கதை வரலை? மத்தவங்களுக்கு அது வெறும் கதை, நெஜம்னு உங்களுக்குத்தானே தெரியும். நான் சொன்னா பழிவாங்கறேம்பாங்க. நீங்க சொல்லுங்க. அது சத்தம் போகாத கதவு, நான்தான் செஞ்சேன், என் பிள்ளையை உள்ள விட்டு நானே சோதிச்சுப் பார்த்தேன்னு. இவ்வளவுதான் கேக்கறேன்."

"பார்க்கலாம்மா. பக்குவமா சொல்லணும். அவசரப்பட்டா வேலைக்காகாது."

"பார்க்கலாம்" என்பது தச்சர் வேலை பிடிக்காத வாடிக்கையாளரிடம் சொல்கிற வார்த்தை. மகளுக்கு அது தெரியாதா என்ன? டப்பாவை மூடி, குடையை எடுத்துக்கொண்டு, பிள்ளையோடு மழையில் இறங்கிப் போனாள்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். விசாரணை நடந்த அன்றைக்குத் தச்சர் வாத்தியாரை நம்பினாரா என்று கேட்டால், அவருக்கே தெரியாது. வாத்தியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கி, "அண்ணே, இத்தனை பேரு இருக்காங்க, பிள்ளை ஒரு சத்தம் போட்டிருந்தா யாருக்காவது கேட்டிருக்காதா?" என்றார். தச்சர் தலையாட்டினார். ஆட்டும்போதே உள்ளே ஏதோ இடித்தது. அதைத் திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்துவிட்டார். பார்த்திருந்தால் கோயில் வேலை போயிருக்கும், நாலு பேர் மரியாதை போயிருக்கும், தன் கையால் செய்ததிலேயே உருப்படியான வேலை இதுதான் என்கிற பெருமையும் போயிருக்கும். இந்த மூன்றில் எது பெரிதாக இருந்தது என்று கேட்டால், வெட்கக்கேடு, அந்தப் பெருமைதான்.

சனிக்கிழமை காலையில் சாமான்களோடு பாட்டு அறைக்குப் போனார். மற்ற கதவுகளை முடித்துவிட்டு இதைக் கடைசிக்கு வைத்திருந்தார். கீல்களைக் கழற்றி, கதவைத் தனியாளாகச் சுமந்து வந்து தாழ்வாரத்தில் இரண்டு முக்காலிகளின் மேல் படுக்கப் போட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் ஓர் இணைப்புகூட விடவில்லை. உள்பக்கம் உச்சியில் அந்தப் பித்தளைத் தாழ்ப்பாள் இன்னும் பளபளவென்று இருந்தது. கை பட்டுப் பட்டு வந்த பளபளப்பு.

அதை அவ்வளவு உயரத்தில் வைக்கச் சொன்னதும் வாத்தியார்தான். "சின்னப் பிள்ளைங்க விளையாட்டா தாழ் போட்டுக்கிட்டு, திறக்கத் தெரியாம பயந்துடும்ணே. அதுங்க கைக்கு எட்டாம வைங்க." எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்று அப்போது தச்சர் வீட்டில் வந்து சொன்னார்.

நடுவில் சதுரம் வரைந்து ரம்பத்தைப் போட்டார். பலகை பிளந்ததும் கம்பளி பிதுங்கிக்கொண்டு வந்தது. தூசி ஏறிச் சாம்பல் நிறமாகிவிட்ட கம்பளி. பிடுங்கப் பிடுங்க வந்துகொண்டே இருந்தது. தாழ்வாரமெல்லாம் பறந்து தச்சரின் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது.

"அண்ணே, உடம்பைப் பார்த்துக்கங்க" என்றபடி பாட்டு வாத்தியார் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு டீ. ஒன்றை நீட்டினார். ஐம்பத்தைந்து வயதிலும் கிளி மாதிரி மூக்கும் மெல்லிய குரலும். அந்தக் குரலில் அவர் தொடங்கினால் பூசையில் அழாதவர்கள் குறைவு.

"அட, பொக்கிஷத்தையே கிழிச்சிட்டீங்களே" என்று சிரித்தார்.

"கண்ணாடி வைக்கணும்கறாங்களே சார்."

"வெச்சுத்தானே ஆகணும். நானே பொறுப்பாளர், நானே மாட்டேன்னா நல்லாவா இருக்கும்?" வாத்தியார் சுவரில் சாய்த்திருந்த கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். "இது பளிச்சுன்னு இருக்குண்ணே. தாழ்வாரத்தில யாராவது போனா பிள்ளைங்க அங்கயே பார்த்துக்கிட்டு நிக்கும். பாட்டு எங்க வரும்? மங்கல் கண்ணாடி போட்டா வெளிச்சமும் வரும், கவனமும் கலையாது. கண்ணாடின்னுதானே எழுதியிருக்கு? என்ன கண்ணாடின்னு எழுதலையே."

"அது சரிதான்."

"அப்புறம் சத்தம். ஒத்தைக் கண்ணாடி போட்டா டிரம்ஸ் வெளிய வந்துடும். மறுபடி புகார். ரெண்டு கண்ணாடி போட்டு நடுவுல கொஞ்சம் இடம் விட்டா நிக்குமா?"

"நிக்கும் சார். சுத்தி ரப்பர் குடுத்து இறுக்கிட்டா எறும்பு நடக்கிற சத்தம்கூட வராது." அப்படிச் சொல்லும்போது தச்சரின் குரலில் ஒரு சுறுசுறுப்பு வந்துவிட்டது. யாரோ வேலையைப் பற்றிக் கேட்டார்கள், அவர் வழி சொன்னார். நாற்பது வருஷமாக அவர் வாழ்ந்த விதமே அப்படித்தான். கேட்டவர் யார், எதற்குக் கேட்கிறார் என்பது டீ டம்ளர் காலியான பிறகுதான் உறைத்தது. அப்படியும் கடைக்குப் போய் மங்கல் கண்ணாடி இரண்டு வெட்டி வாங்கி வந்து, மரப்பட்டி அடித்து, ரப்பர் கொடுத்து மாட்டினார். வேலை கச்சிதம்.

"பேத்தியை எப்ப அனுப்பறீங்க?" என்று போகும்போது கேட்டார் வாத்தியார்.

"பார்க்கலாம் சார்."

வெட்டியதில் மிஞ்சிய உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை, விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து மழுக்கிப் பேத்திக்கு விளையாடக் கொண்டு வந்தார். சாயங்காலம் அவள் அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றினாள். "தாத்தா, நீங்க தெரியவே இல்ல! வெறும் புகையா இருக்கீங்க!"

வேலை முடிந்து வந்த மகள், செருப்பைக்கூடக் கழற்றாமல் பிள்ளையின் கையிலிருந்து அந்தத் துண்டை வாங்கினாள். நாள் பூராவும் கண்ணாடியோடு பிழைப்பவள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இது எந்தக் கதவுக்கு?"

தச்சர் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "பிள்ளைங்க கவனம் கலையும்னு..."

"அவர் கேட்டாரா?"

"ஆமாம்மா."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தச்சருக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். துண்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்து வைத்திருக்கிறாளாம். நாளை மத்தியானம் போய்விடுவாளாம்.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி. கோயில் மண்டபத்தில் எழுபது எண்பது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஈரக் குடைகளின் நாற்றம். வாசலில் பாட்டு வாத்தியார் மேஜை போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினார். பயிற்சி நடத்த வந்த டீச்சர் நடுத்தர வயதுக்காரி. கண்ணாடி போட்ட, அதிகம் சிரிக்காத பெண். வந்ததுமே மேடையில் ஏற மறுத்துக் கீழே நின்றுகொண்டது மைக்குக்குப் பிடிக்கவில்லை.

"பிள்ளைங்க பொய் சொல்லாதா டீச்சர்?" என்று முதல் கேள்வியையே அவர்தான் கேட்டார்.

"சொல்லும். ஹோம்வொர்க் செஞ்சுட்டேன்னு சொல்லும். இந்த விஷயத்தில ஒரு பிள்ளை வாயைத் திறந்தா, முதல்ல உட்கார்ந்து கேளுங்க. உண்மையா பொய்யான்னு விசாரிக்க அதுக்குன்னு ஆள் இருக்காங்க. நீங்க நீதிபதி ஆகாதீங்க."

டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பிறகு டீச்சர் ஆட்களை ஐந்தைந்து பேராகப் பிரித்துப் பெரிய காகிதங்களைக் கொடுத்தாள். கோயில் வளாகத்தை வரைய வேண்டும். எந்த இடத்தில் நடப்பது வெளியே கண்ணுக்குத் தெரியாதோ, காதுக்குக் கேட்காதோ, அந்த இடத்துக்குச் சிவப்பு அடிக்க வேண்டும். தச்சரின் குழுவில் பூக்காரம்மாவும் மணி அடிக்கிறவரும் இன்னும் இரண்டு பேரும். "நீங்க வரையுங்க, உங்க கைதான் நேரா போகும்" என்று பென்சிலை அவர் கையில் திணித்தார்கள்.

வரைந்தார். அளவு பிசகாமல் வரைந்தார். கோயில், பீடம், உடுப்பு அறை, மண்டபம், கக்கூஸ். பாட்டு அறைக்கு வந்ததும் நாலு கோடு இழுத்துக் கதவையும் போட்டார். சிவப்புப் பேனாவை எடுத்தார்.

பின்னாலிருந்து குனிந்து பார்த்த பாட்டு வாத்தியார், "அதுக்கு வேண்டாம்ணே. அதுலதான் கண்ணாடி வெச்சாச்சே" என்றார். தோளில் மெல்லத் தட்டினார்.

தச்சர் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு அடித்தார். மூலைக்கு மூலை, வெள்ளை தெரியாமல், காகிதம் நைந்துபோகிற வரை அடித்தார்.

ஒவ்வொரு குழுவாகப் படத்தைக் காட்டிப் பேச வேண்டும். தச்சர் முறை வந்ததும் எழுந்து, "பாட்டு அறைக்கு ஒரு கதவு போட்டேன் பாருங்க" என்றார்.

மண்டபம் குலுங்கியது. "ஆரம்பிச்சாச்சுடா சாமி!" என்று ஒருவர் கத்தினார். டீச்சருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. தச்சர் சொல்லிக்கொண்டே போனார். கம்பளி, ரப்பர், காற்றுத் துளை. மகளை உள்ளே விட்டது, டீ குடித்தது, மறந்தது, தொண்டை கட்டியது. வழக்கமான இடங்களில் வழக்கமாகச் சிரித்தார்கள். மூணு நாள் நிம்மதி என்பது வரும் என்று காத்திருந்தார்கள்.

"அடுத்த வருஷம் அதே பிள்ளை, அதே ரூம்ல தனக்கு நடந்ததைச் சொல்லிச்சு" என்றார் தச்சர். "பழைய ஃபாதர் கூப்பிட்டு விசாரிச்சார். சத்தம் கேட்டுதான்னு எல்லாரையும் கேட்டாங்க. கேக்கலைன்னோம். நானும் சொன்னேன். அந்தக் கதவுல சத்தம் வெளிய வராது, வராத மாதிரிதான் செஞ்சேன்னு எனக்குத் தெரியும். அதை நான் சொல்லலை. பிள்ளை மன்னிப்புக் கேட்டுச்சு. தாழ்ப்பாள் பிள்ளைங்க கைக்கு எட்டாத உயரத்தில இருக்கு. அதுவும் நான்தான் வெச்சேன். நேத்து கண்ணாடி வெச்சேன். உள்ள யாருன்னு தெரியாத கண்ணாடி. சத்தமும் வராது. கேட்டவர் அன்னிக்குக் கதவு கேட்ட அதே ஆள்தான். செஞ்சு குடுத்தவனும் அதே ஆள்தான்."

யாரும் சிரிக்கவில்லை. மணி அடிக்கிறவர் தரையைப் பார்த்தார். பாட்டு வாத்தியார் எழுந்து நின்று, அந்த மெல்லிய குரலில், "அண்ணன் மனசு சரியில்லாம பேசறாரு. வீட்டில பிரச்சினை. நான் தப்பா எடுத்துக்கலை" என்றார். முன்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் ஐயோ பாவம் என்று அவரைத்தான் பார்த்தார்கள்.

"வயசாயிடுச்சு, உட்காருங்க" என்றார் மைக். "கதவு கதவுன்னா! எந்தக் கதவுல சத்தம் வராம இருக்கும்? சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்ற கதை அது."

தச்சருக்கு அந்த நேரத்திலும், தன் வேலையைக் குறைத்துச் சொல்கிறானே என்று சுருக்கென்றது. அந்தச் சுருக்குக்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. "வாங்க, காட்டறேன்" என்றார்.

டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு முதலில் நடந்தாள். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். தச்சர் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, கையை உயர்த்தித் தாழ்ப்பாளைப் போட்டார். மழைச் சத்தம் கத்தரித்த மாதிரி நின்றது. கூட்டத்தின் சலசலப்பும் நின்றது. தன் மூச்சு மட்டும் தனக்குக் கேட்டது. இத்தனை வருஷத்தில் இந்தக் கதவுக்கு உள்பக்கம் அவர் நின்றதே இல்லை. கண்ணாடியில் எண்பது பேரும் ஒரே புகையாகத் தெரிந்தார்கள்.

கத்தினார். முதலில் ஓ என்று கத்தினார். பிறகு மகளைக் கூப்பிட்டார். பிறகு என்ன கத்துகிறோம் என்றே தெரியாமல் கத்தினார். இரண்டு கையாலும் கதவில் குத்தினார். புகை அசையவே இல்லை. தொண்டை எரிந்து இருமல் வந்தபோது நிறுத்தினார். கையை உயர்த்தித் தாழ்ப்பாளைத் திறந்தார். அவருக்கு அது எட்டியது.

வெளியே பூக்காரம்மா, "எப்ப கத்தப் போறீங்கன்னு நின்னுக்கிட்டிருக்கோம்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகத்தைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாட்டு வாத்தியார் அங்கே இல்லை. தலைவலி என்று போய்விட்டாராம்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எரிச்சலாக இருக்கிறது, இருந்தாலும் சொல்ல வேண்டும். மைக் பேரவைக் குறிப்பேட்டை விரித்து, 'பாட்டு அறைக் கதவில் குறை உள்ளது, மாற்றப்பட வேண்டும்' என்று எழுதினார். கதவில் குறையாம். டீச்சர் அதை வாங்கி வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இது எனக்குப் போதாது. நான் இன்னிக்கே மேல எழுதியாகணும், போலீசுக்கும் சொல்லியாகணும். யார் வேண்டாம்னாலும் செஞ்சாகணும்" என்றாள். தச்சரிடம் மகளின் எண்ணைக் கேட்டு, அவளுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் பேசுகிறேன் என்று சொல்லிக் குறித்துக்கொண்டாள். படி இறங்கும்போது தச்சரோடு யாரும் பேசவில்லை. முப்பது வருஷம் பழகின ஆள் ஒருவர், "ஒரு நல்ல மனுஷனை இப்படிப் பண்ணிட்டீங்களே" என்று காதோரம் சொல்லிவிட்டுப் போனார்.

குடையை மண்டபத்தில் மறந்துவிட்டு நனைந்தபடி வீட்டுக்கு வந்தார். செய்தி அவருக்கு முன்னால் வந்துவிட்டது. மனைவி அடுப்படியில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். பேத்தி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு வாசலில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தாள். மகள் கட்டிலில் உட்கார்ந்து பிள்ளையின் கவுன்களை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேம்மா" என்றார். குரல் கரகரவென்று வந்தது.

"தெரியும். டீச்சர் போன் பண்ணாங்க. நாளைக்கு வந்து எழுதிக் குடுக்கறேன்னு சொல்லிட்டேன்."

"அப்ப... இந்தப் பெட்டி?"

"நீங்க இன்னிக்குச் சொன்னீங்கப்பா. நேத்து கண்ணாடி மாட்டினீங்களே."

தச்சர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. என்ன சொன்னாலும் கேவலமாக இருக்கும் என்று தெரிந்தது. ஆனாலும் கேட்டார்.

"உள்ள நின்னு நானும் கத்திப் பார்த்தேம்மா. யாருக்கும் கேக்கலை. நீ அன்னிக்கு, சாப்பாடு கொண்டுவந்த அன்னிக்கு... என்ன கத்தினே?"

அவள் மடிப்பை நிறுத்தவில்லை.

"'அப்பா, கேக்குதா?'ன்னு கத்தினேன். கேக்குதான்னு பார்க்கத்தானே உள்ள விட்டீங்க. வேற என்ன கத்துவேன்? கேக்குதா, கேக்குதான்னு கத்திக்கிட்டே இருந்தேன்."

கடைசிக் கவுனை வைத்து, பெட்டியின் ஜிப்பைப் பாதி வரை இழுத்தவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அடுத்த வருஷமும் அதையேதான் கத்தினேன். நீங்க வெளியதான் பாலீஷ் போட்டுக்கிட்டிருந்தீங்க."

ஜிப்பை முழுவதும் இழுத்து மூடிவிட்டு, பிள்ளையைக் கூப்பிட வாசலுக்குப் போனாள்.